காற்றுத் துப்பாக்கியில் தொலைநோக்கி: குறி பொருத்தும் முறை

காற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் உழவர் வீடுகளில், ஸ்கோப் எனப்படும் தொலைநோக்கியை அதன்மேல் பொருத்திக்கொள்ளும் வழக்கம் இப்பொழுது பரவி வருகிறது. வாங்கி வந்த அன்றே அதை மாட்டிக் களத்து மேட்டில் நின்று சுட்டுப் பார்த்துவிட்டு, "எலுமிச்சம்பழம் பூசணிக்காய் போலத் தெரிகிறது, ஆனால் குண்டு மட்டும் அதில் படுவதில்லை" என்று குறைபட்டுக்கொள்வோர் பலர். தொலைநோக்கி இலக்கைப் பெரிதாகக் காட்டுமே தவிரக் குண்டை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காது. கண் பார்க்கும் கோடும் குண்டு செல்லும் பாதையும் குறிப்பிட்ட ஒரு தொலைவில் ஒன்று சேருமாறு அதன் திருகுகளைத் திருத்தி வைக்க வேண்டும். இதனையே குறி பொருத்துதல் என்கிறோம். துப்பாக்கி பழகியவர்கள் 'ஜீரோ வைத்தல்' என்பர். புதிதாகப் பழகுவோர்க்கு ஒரு காலை நேரமும் 50 குண்டுகளும் இதற்குப் போதும்.

முறை தெரியாமல் செய்தால் குண்டு வீணாவதோடு நிற்பதில்லை. ஒரு தோட்டத்தில் நாம் கண்ட நிகழ்ச்சி இது. பழைய தகர டிரம் ஒன்றின்மேல் தாளை ஒட்டி இலக்காக வைத்திருந்தனர். மூன்றாவது குண்டு தகரத்தில் பட்டுத் திரும்பி வந்து, பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சிறுவனின் புருவத்தைக் கிழித்தது. இரண்டு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். விளையாட்டுச் சாமான் என்று எண்ணி இதனைக் கையாளக் கூடாது.

சட்டம் கூறுவது

4.5 மில்லி மீட்டருக்கு, அதாவது 0.177 அங்குலத்துக்கு, மேற்பட்ட குழல் விட்டமோ, 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ உடைய காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின்படி உரிமம் பெற வேண்டும். ஆகவே வாங்கும்பொழுதே இவ்விரண்டு அளவுகளையும் கேட்டறிந்து, ரசீதைப் பத்திரப்படுத்துதல் நலம். மயில், கிளி முதலியன 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. சோளக் கதிரையும் நிலக்கடலையையும் அவை அழிப்பது உண்மையே ஆயினும், அவற்றைச் சுடுவது தண்டனைக்குரிய குற்றமாகும். இக்கட்டுரை தாளில் வரைந்த இலக்கைச் சுட்டுப் பழகுவோர்க்காக எழுதப்பட்டது. பயிர்க் காவலுக்கு இதனை ஒரு வழியாக நாம் பரிந்துரைக்கவில்லை.

குண்டு செல்லும் பாதை

மரத்திலுள்ள மாங்காய்க்குக் கல் எறியும் சிறுவன் மாங்காய்க்கு நேராக எறிவதில்லை. சற்று மேல் நோக்கியே எறிகிறான். குழலை விட்டு வெளிவந்த நொடியிலிருந்தே குண்டும் கல்லைப் போலக் கீழே விழத் தொடங்கிவிடுகிறது. தொலைநோக்கியோ குழலுக்கு ஏறத்தாழ 4 செ.மீ. மேலே அமர்ந்திருக்கிறது. எனவே குண்டு பார்வைக் கோட்டுக்குக் கீழே புறப்பட்டு, மேலேறி அக்கோட்டைத் தொட்டு, மீண்டும் கீழிறங்குகிறது. தொடும் அந்த இடம் எத்தனை மீட்டரில் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும்.

4.5 மி.மீ. குண்டு நொடிக்கு 220 மீட்டர் வேகத்தில் புறப்படும் சாதாரணத் துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதற்கு 20 மீட்டர் ஏற்ற தொலைவாகும். 20 மீட்டரில் குறி பொருத்திய துப்பாக்கி 15 மீட்டரிலும் ஏறக்குறைய அதே இடத்தில் சுடும். 10 மீட்டரில் சுமார் 1 செ.மீ. தாழ்வாகப் படும். 5 மீட்டரில் 2 செ.மீ. தாழ்வாகப் படும். பின்பக்கம் போனால், 25 மீட்டரில் அரை செ.மீ.க்குச் சற்று மேலும், 30 மீட்டரில் 2 செ.மீ.யும், 40 மீட்டரில் 7 செ.மீ.க்கு மேலும் தாழ்ந்துவிடும். இவை கணக்கிட்டுப் பெற்ற அளவுகள். துப்பாக்கிக்குத் துப்பாக்கி சிறிது மாறும் என்றாலும் போக்கு இதுவே. கிட்டத்திலிருக்கும் பொருளைச் சுட்டால் குண்டு தாழ்வாகப் படுவதைக் கண்டு புதியவர்கள் திகைக்கின்றனர். தொலைநோக்கி குழலுக்கு மேலே இருப்பதே அதற்குக் காரணம், கோளாறு ஏதுமில்லை.

தொலைநோக்கியைப் பொருத்துதல்

சுருள்வில் விசையால் இயங்கும் துப்பாக்கி சுடும்பொழுது முதலில் பின்னுக்கும், உடனே முன்னுக்கும் அதிர்கிறது. இந்த இருவழி அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்று செய்யப்படாத தொலைநோக்கி சில நூறு குண்டுகளிலேயே உள்ளே உடைந்துவிடும். விலை அதிகமாயிற்றே, நன்றாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். காற்றுத் துப்பாக்கிக்கு ஏற்றதா என்று கேட்டே வாங்க வேண்டும்.

தொலைநோக்கியைப் பற்றியிருக்கும் வளையப் பிடிப்புகள் துப்பாக்கியின் மேலுள்ள வரிப்பள்ளத்தில் அசைவின்றி இறுக வேண்டும். பிடிப்பில் தடுப்பு ஊசி இருந்தால், துப்பாக்கியின்மேல் அதற்கென உள்ள குழியில் அது உட்கார வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு குண்டுக்கும் தொலைநோக்கி மயிரிழை மயிரிழையாகப் பின்னோக்கி நகரும். நீங்கள் காலையில் பொருத்திய குறி மாலையில் இராது. பிடிப்புக்கு முன்னால் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டு வைத்தால் நகர்வு தெரிந்துவிடும்.

துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் இயல்பாகச் சாய்த்துப் பார்க்கும்பொழுது, கரிய விளிம்பு ஏதுமின்றி வட்டம் முழுவதும் தெரிய வேண்டும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே 8 முதல் 10 செ.மீ. இடைவெளி பொதுவாகப் பொருந்தும். அடுத்ததாக, உள்ளே தெரியும் குறுக்குக் கோடுகள் சாய்வின்றி நிற்க வேண்டும். இதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டே போதும். 20 மீட்டர் தள்ளி அதனைத் தொங்கவிட்டு, துப்பாக்கியின் உடலை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி, நெடுக்குக் கோடு தூக்குக்கயிற்றோடு ஒட்டி நிற்கும்வரை தொலைநோக்கியைத் திருப்பவும். பின்னர் ஆலன் கீயால் திருகுகளைக் குறுக்கு மறுக்காக, சிறிது சிறிதாக இறுக்கவும். வண்டிச் சக்கர நட்டை முறுக்குவது போல் முறுக்கினால் குழாய் நசுங்கிவிடும்.

கட்டையைப் பற்றியிருக்கும் திருகுகளையும் இப்பொழுதே சரிபார்க்கவும். அதிர்வால் முதலில் தளர்பவை அவையே. காரணம் தெரியாமல் குறி அலைகிறது என்று கூறப்படும் துப்பாக்கிகளில் பலவற்றுக்கு இத்திருகை இறுக்குவதே மருந்தாகிவிடுகிறது.

இடமும் தடுப்பும்

இலக்குக்குப் பின்னால் ஆளோ, மாடோ, பாதையோ இருக்கக் கூடாது. தவறிய குண்டு 300 மீட்டரையும் தாண்டக்கூடும். நிறைய மண் அடைத்த இரண்டு சாக்குகளை ஒன்றன்முன் ஒன்றாக நிறுத்தி, அவற்றின்மேல் தாளை ஒட்டுதல் நல்லது. மண்ணில் கல் இல்லாதவாறு சலித்துக்கொள்ள வேண்டும். தகரம், செங்கல் சுவர், கருங்கல், காய்ந்த தென்னை மரம் ஆகியவற்றில் பட்ட குண்டு திரும்பி வரும். சுடுபவர் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும். மற்றவர்கள் அனைவரும் சுடுபவருக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

காற்றடிக்காத விடியற்காலை ஏற்ற நேரம். பக்கவாட்டில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் வீசும் மெல்லிய காற்றே 20 மீட்டரில் குண்டைச் சுமார் 1 செ.மீ. தள்ளிவிடும். ஆடிக் காற்றில் இவ்வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

பிடிக்கும் விதம்

ஆடாமல் இருக்கட்டும் என்று துப்பாக்கியைச் சுவரின் மேலோ மேசையின் மேலோ நேரடியாக வைத்துச் சுடுவது பெரிய தவறு. சுருள்வில் துப்பாக்கியில் குண்டு குழலை விட்டு வெளியேறுமுன்பே துப்பாக்கி அசையத் தொடங்கிவிடுகிறது. கடினமான பரப்பில் வைத்தால் அது துள்ளிக் குண்டை வேறிடம் அனுப்பும். கெட்டியாக இறுக்கிப் பிடித்தாலும் அவ்வாறே. ஏனெனில் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக இறுக்க யாராலும் இயலாது. உமி நிரப்பிய சாக்கின்மேல் இடது கையின் புறங்கையை வைத்து, விரித்த உள்ளங்கையில் தராசுத் தட்டில் பொருளை வைப்பது போலத் துப்பாக்கியை ஏந்தவும். விரல்கள் கட்டையைப் பற்ற வேண்டாம். அது தன் விருப்பப்படி அதிரட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியாக அதிர்ந்தால் போதும்.

குழலை மடக்கிக் குண்டு இடும்பொழுது ஒரு கையால் குழலை விடாமல் பிடித்திருத்தல் வேண்டும். நழுவினால் விரல் நசுங்கும். குண்டில்லாமல் சுடுவதும் கூடாது. உள்ளிருக்கும் அடைப்பான் அடிபட்டுக் கெடும்.

முதலில் கொத்து, பிறகே திருகு

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையின் முக்கியமான பகுதி. புதியவர்கள் ஒரு குண்டு சுடுகின்றனர். அது இடப்பக்கம் பட்டால் திருகை வலப்பக்கம் திருப்புகின்றனர். அடுத்தது மேலே பட்டால் உடனே கீழே இறக்குகின்றனர். டப்பா காலியாகும்வரை இவ்வாறே நடக்கிறது. முடிவில் தொலைநோக்கியைப் பழித்துவிட்டு எழுந்து போகின்றனர்.

எந்தத் துப்பாக்கியும் எல்லாக் குண்டுகளையும் ஒரே துளையில் போடுவதில்லை. திருகையே தொடாமல் ஐந்து குண்டுகள் சுட்டாலும் அவை ஒரு சிறு கொத்தாகப் பரவியே விழும். கொத்தின் அகலம் 24 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் ஓரத்தில் விழுந்த ஒரு குண்டு நடுவிலிருந்து 12 மி.மீ. விலகியிருக்கும். அந்த ஒன்றை நம்பித் திருகைத் திருப்பினால், சரியாக இருந்த நடுவை நாமே 12 மி.மீ. நகர்த்தி விடுகிறோம். அடுத்த குண்டு எதிர் ஓரத்தில் விழும் முறையானால், அது 24 மி.மீ. விலகியதாகத் தோன்றும். உடனே மீண்டும் திருப்புவோம். விதைப்புக் கருவியிலிருந்து ஒரு விதை சால் தாண்டி விழுந்தால் அதற்காக யாரும் கருவியைக் கழற்றித் திருத்துவதில்லை. நான்கைந்து சால் ஓட்டிப் பார்த்த பிறகே கை வைக்கிறோம். இங்கும் அதே நியாயந்தான்.

ஆகவே ஒரே புள்ளியைக் குறிபார்த்து ஐந்து குண்டுகள் சுடவும். அவை எங்கே விழுந்தாலும் கவலையில்லை. நடுவில் பட வேண்டும் என்ற ஆசையை இப்பொழுது விட்டுவிட வேண்டும். ஐந்தும் அருகருகே விழுந்தால் துப்பாக்கியும், பிடிப்பும், கையும் ஒழுங்காக இருக்கின்றன என்று பொருள். சிதறி விழுந்தால் திருகைத் தொடவே கூடாது. சிதறலுக்குரிய காரணத்தைத் தேட வேண்டும். தளர்ந்த திருகு, அடிவிளிம்பு நசுங்கிய குண்டு, பிடிக்கும் முறை ஆகியவை வழக்கமான காரணங்கள். புதுத் துப்பாக்கியில் எண்ணெய்ப் பசை தீரும்வரை முதல் சில நூறு குண்டுகள் ஒரே சீராகப் போவதில்லை. குண்டின் வகையும் முக்கியம். ஒரே துப்பாக்கியில் ஒரு வகைக் குண்டு நெருக்கமாக விழ, விலை மிகுந்த மற்றொரு வகை சிதறுவதுண்டு. இரண்டு மூன்று வகைகளை வாங்கிப் பார்த்து, நெருங்கி விழும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பின்னர் அதனையே பயன்படுத்தவும்.

திருகைத் திருப்பும் கணக்கு

முதற்கொத்தை 10 மீட்டரிலிருந்து சுடுதல் நன்று. 20 மீட்டரில் தாளையே தவறவிடும் துப்பாக்கியும் இங்கே தாளில் படும். இங்கே கொத்தின் நடு, குறிபார்த்த புள்ளிக்கு நேர் கீழே 1 செ.மீ.யில் இருக்குமாறு செய்துகொண்டால், 20 மீட்டரில் அது ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

தொலைநோக்கியின் மேலுள்ள திருகு குண்டு படும் இடத்தை மேலும் கீழும் மாற்றும். பக்கத்திலுள்ளது இடமும் வலமும் மாற்றும். அம்புக்குறி காட்டும் திசை குண்டு நகரும் திசையாகும். ஒவ்வொரு திருப்புக்கும் 'கிளிக்' என்ற ஒலி கேட்கும். பெரும்பாலானவற்றில் ஒரு கிளிக் 100 கெஜத் தொலைவில் கால் அங்குலம் நகர்த்தும் என்று குறித்திருப்பார்கள். அப்படியாயின் 20 மீட்டரில் ஒரு கிளிக் சுமார் 1.4 மி.மீ. ஆகும். 10 மீட்டரில் அதில் பாதி, 0.7 மி.மீ. மட்டுமே. இந்தக் கணக்கு தெரியாமல் 10 மீட்டரில் நான்கு கிளிக் திருப்பிவிட்டு, குண்டு நகரவே இல்லை என்பவர்கள் உண்டு. நகர்ந்திருக்கிறது, ஆனால் 3 மி.மீ. கூட இல்லை.

இப்பொழுது 20 மீட்டருக்குச் செல்வோம். ஐந்து குண்டுகள் சுட்டபின், துளைகளின் நடுவைப் பென்சிலால் குறித்து அளவுகோலால் அளக்கவும். அது இலக்குப் புள்ளிக்கு 28 மி.மீ. கீழேயும், 14 மி.மீ. வலப்பக்கமும் இருப்பதாகக் கொள்வோம். 28ஐ 1.4ஆல் வகுத்தால் 20. ஆகவே மேல்நோக்கி 20 கிளிக். 14ஐ 1.4ஆல் வகுத்தால் 10. இடப்பக்கம் 10 கிளிக். திருப்பிய பின் திருகுத் தலையை விரலால் இலேசாகத் தட்டி, இரண்டு குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட்டு, மீண்டும் ஐந்து சுடவும். இரண்டாவது திருத்தம் சிறிதளவே தேவைப்படும். மூன்றாவதாக ஒரு கொத்துச் சுட்டு உறுதி செய்துகொண்டால் வேலை முடிந்தது. கொத்தின் நடு ஒரு கிளிக்குக்கும் குறைவாக விலகியிருந்தால் அதற்குமேல் திருகைத் தொட வேண்டியதில்லை.

மேல்நோக்கித் திருப்பத் திருப்பத் திருகு முடிந்துபோய், குண்டு இன்னும் தாழ்வாகவே படுமானால் வலிந்து முறுக்க வேண்டாம். குழல் மடங்கும் துப்பாக்கிகளில் குழல் சற்றுத் தாழ்ந்திருப்பது சாதாரணம். தண்ணீர்ப் புட்டியின் பிளாஸ்டிக்கில் சிறு கீற்று வெட்டிப் பின்பக்க வளையத்தின் அடியில், தொலைநோக்கிக்குக் கீழே வைத்து இறுக்கினால் குண்டு மேலேறும். அதன்பின் திருகை நடுவுக்குக் கொண்டுவந்து மீண்டும் தொடங்கலாம்.

கண் வைக்கும் இடம்

பள்ளியில் திருகு அளவி படித்தவர்களுக்கு இடமாறு தோற்றப் பிழை நினைவிருக்கும். தொலைநோக்கியிலும் அது உண்டு. துப்பாக்கியை அசைக்காமல் தலையை மட்டும் சிறிது அசைத்தால், குறுக்குக் கோடு இலக்கின்மேல் ஊர்வது போலத் தெரியும். பல சாதாரணத் தொலைநோக்கிகள் 100 கெஜத்துக்கே இப்பிழை இல்லாமல் செய்யப்பட்டவை. 20 மீட்டரில் அவை பிழை காட்டும். முன் கண்ணாடியைச் சுற்றியோ பக்கத்திலோ தொலைவு குறித்த வளையம் உள்ள தொலைநோக்கியானால் அதை 20 மீட்டருக்குத் திருப்பிக்கொள்ளலாம். வளையம் இல்லையெனில், கன்னம் கட்டையில் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் படியுமாறு பழக வேண்டும். குறைந்த விலையில் வளையம் உள்ளதும், அதே விலையில் உருப்பெருக்கம் கூடியதும் கிடைத்தால் வளையம் உள்ளதையே வாங்கவும். உருப்பெருக்கம் கூடக் கூட நம் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியுமே தவிர, நடுக்கம் குறைவதில்லை.

தொலைநோக்கி இருந்தால்தான் துல்லியமாகச் சுடலாம் என்பதுமில்லை. 2008ஆம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தொலைநோக்கிக்கு அனுமதியே இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் அதே போட்டியில்தான். சிறு துளை வழியே பார்த்து, அரை மி.மீ. அகலமே உள்ள நடுப்புள்ளியை நோக்கிச் சுடுகின்றனர். அவர்களும் போட்டி தொடங்குமுன் சில குண்டுகள் சுட்டுப் பார்த்தே திருகுகளைச் சரிசெய்துகொள்கின்றனர்.

குறித்து வைத்தல்

20 மீட்டரில் முடிந்தபின் துப்பாக்கியை அப்படியே வைத்துக்கொண்டு, 10, 15, 25, 30 மீட்டர்களிலும் ஐந்தைந்து குண்டுகள் சுட்டு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு தாழ்கிறது என்பதை எழுதிக்கொள்ளவும். திருகுகளின் நிலை, குண்டின் வகை, நாள் ஆகியவற்றையும் அதே சீட்டில் எழுதிக் குண்டு டப்பாவின் மூடிக்குள் ஒட்டலாம். டப்பா மாறினாலும், துப்பாக்கி கீழே விழுந்தாலும், பிடிப்பைக் கழற்றி மாட்டினாலும் ஐந்து குண்டுகள் சுட்டுச் சரிபார்த்த பிறகே குறியை நம்ப வேண்டும். காற்றடைத்து வைத்துச் சுடும் வகைத் துப்பாக்கியில் அழுத்தம் குறையும்பொழுது குண்டு படும் இடமும் மாறும். ஆதலால் மானியின் முள் எந்த எண்ணில் நின்றபொழுது குறி பொருத்தப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுக.

சுட்டு முடிந்ததும் சாக்கு மண்ணைச் சலித்து ஈயத்தை எடுத்து ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கவும். அம்மண்ணைக் கோழிகள் கிளறும் இடத்திலோ மாட்டுத் தொழுவத்தின் அருகிலோ கொட்டக் கூடாது. ஈயம் கோழிக்கும் கால்நடைக்கும் நஞ்சாகும். குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொட வேண்டும். துப்பாக்கியில் குண்டில்லை என்பதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, சுருள்வில்லை இழுத்த நிலையில் விடாமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கவும். குண்டு டப்பாவை வேறிடத்தில் வைக்கவும்.